கைத்தொலைபேசியும் துறைமுக வழிகாட்டியும்

கப்பலொன்று கொழும்புத் துறைமுகத்தை அண்மித்ததும் சிறு படகொன்று அலைகளைக் கடந்து அதனை நோக்கிச் செல்லும். அப்படகிலிருந்து ஒருவர் ஏணியைப் பற்றிக்கொண்டு கப்பலின் தளத்துக்கு ஏறுவார். அவரைப் பைலட் என்பர். துறைமுக வழிகாட்டி என்று நாம் அழைக்கலாம். கப்பலோ உலகைச் சுற்றியது. அதன் தலைவரோ பல்லாண்டுகள் கடலோடியவர். எனினும் இந்தத் துறையின் ஆழமும் நீரோட்டமும் அவருக்கு மனப்பாடமாக இருக்கவேண்டியதில்லை. உலகிலுள்ள அத்தனை துறைமுகங்களின் இரகசியங்களையும் ஒவ்வொரு தலைவரும் மனனஞ் செய்துகொண்டே புறப்படவேண்டும் என்று ஒரு விதியிருந்தால், கப்பற் போக்குவரத்தே நின்றுவிடும். துறையை அறிந்தவர் துறையில் ஏறுகிறார். துறையைத் தாண்டியதும் இறங்கிவிடுகிறார்.

நம்முடைய கைத்தொலைபேசிக்குள்ளும் இத்தகைய வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். ஆனால், அவர் இவ்வாறு தனியே ஏறி இறங்கக்கூடியவராக ஆனது அண்மைக் காலத்திலேதான். அதற்கு முன்னர் அவரைக் கப்பலின் பலகையோடு பலகையாக ஆணியடித்து வைத்திருந்தனர் என்றால் மிகையாகாது. அந்த ஆணியைப் பிடுங்கப் பொறியியலாளர் பட்ட பாடும், பிடுங்கிய பின்னரும் எஞ்சி நிற்கும் ஓர் ஆபத்தும் அறியத்தக்கவை. அந்த ஆபத்து மனித உயிரோடு சம்பந்தப்பட்டது.

பதினைந்து இலக்கங்கள்

கைத்தொலைபேசியை ஆக்குபவர் ஒருவர். அதனை இயக்கும் மென்பொருளை எழுதுபவர் பெரும்பாலும் இன்னொருவர். குரலையும் செய்தியையும் வான்வழியே கொண்டுசெல்லும் தொலைத்தொடர்புக் கம்பனியோ மூன்றாமவர். இம்மூவரும் ஒரு கருவிக்குள் கூடி வாழவேண்டியிருக்கிறது. ஒரு வீட்டில் மூன்று குடும்பங்கள் குடியிருந்தால் வரும் சங்கடங்கள் யாவும் இங்கேயும் உண்டு.

கருவிக்குள் நாம் இடும் சிம் அட்டையில் 15 இலக்கம் வரை நீளும் ஓர் எண் பதிந்திருக்கிறது. நாம் பிறருக்குக் கொடுக்கும் தொலைபேசி இலக்கம் அதுவன்று. இது கம்பனிக்கும் கருவிக்கும் மட்டுமே தெரிந்த அடையாளம். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இலங்கைக்கு 413, அவுஸ்திரேலியாவுக்கு 505. அவற்றை அடுத்து வரும் இரண்டோ மூன்றோ இலக்கங்கள் கம்பனியைக் குறிக்கும். நம் நாட்டில் மொபிடெலுக்கு 01, டயலொக்குக்கு 02. சிம் அட்டையை இட்டதும் கருவி முதலில் வாசிப்பது இதனைத்தான். இதனை வாசித்தபின்பே, தான் எந்தத் துறைக்குள் நுழைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியவருகிறது.

தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? இணையத்துக்குச் செல்லும் வாசலின் பெயர் கம்பனிக்குக் கம்பனி வேறு. படச் செய்திகளைச் சேர்ப்பிக்கும் நிலையத்தின் முகவரி வேறு. குரலழைப்பை 4ஜி வழியாகவே கொண்டுசெல்வதா, அல்லது அழைப்பு வந்த கணத்தில் பழைய 3ஜி, 2ஜி வலையமைப்புக்கு இறங்கிவிடுவதா என்பது வேறு. வைபை வழியாகப் பேச இடமுண்டா, பிறநாட்டில் அலையும்போது எந்த வலையமைப்பை முதலில் நாடுவது, திரையின் மூலையில் எந்தக் குறியைக் காட்டுவது என இவ்வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் விரிகின்றன. கம்பனியை மாற்றினால் இவையனைத்தும் மாறவேண்டும்.

தைத்துவிட்ட சட்டை

முற்காலத்து முறை மிக எளியது. இயக்க மென்பொருளை எழுதுபவர், "இன்ன கம்பனியாயின் இப்படிச் செய், அன்ன கம்பனியாயின் அப்படிச் செய்" என்று நிபந்தனை வாக்கியங்களை வேண்டிய இடந்தோறும் செருகிவிடுவார். தொலைபேசிப் பகுதியில் நாலு, செய்திப் பகுதியில் எட்டு, திரைப் பகுதியில் மூன்று என அவை காடுபோல் முளைத்துவிடும். முதல் மூன்று கம்பனிகளுக்கு இது வசதியாகத்தான் இருக்கும். முப்பதாவது கம்பனி வரும்போது, எந்த வாக்கியத்தைத் தொட்டால் எந்தக் கம்பனியின் சேவை குலையும் என்பதை எழுதியவரே அறியமாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உற்பத்தியாளர் 10 மாதிரிக் கருவிகளை 20 கம்பனிகளுக்கு விற்கிறார் என்று கொள்க. கம்பனியின் பகுதி மென்பொருளோடு தைக்கப்பட்டிருக்குமாயின் அவர் 200 வெவ்வேறு மென்பொருட் பிரதிகளைப் பராமரிக்கவேண்டும். ஒரு சிறு பிழையைத் திருத்தினாலும் 200 தடவை ஆக்கி, 200 தடவை சோதிக்கவேண்டும். கம்பனியின் பகுதியைப் பிரித்துவிட்டாலோ, கருவிக்கு 10, கம்பனிக்கு 20, ஆக 30 பகுதிகள்தாம். பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. அப்போதும் சோதனை முற்றாக ஒழிந்துவிடாது. எனினும் சுமையின் அளவு தலைகீழாகக் குறைகிறது.

இந்தக் கணக்கு அக்காலப் பொறியியலாளருக்குத் தெரியாததன்று. தெரிந்தும் தைத்தார்கள். ஏனெனில், தைக்கும்படி கேட்டவர்கள் கம்பனியார். அமெரிக்காவிலே கைத்தொலைபேசியைப் பெரும்பாலும் கம்பனியே தன் கடையில் தவணை முறையிலும் சலுகை விலையிலும் விற்றுவந்தது. ஆகவே உற்பத்தியாளருக்குப் பொதுமக்களன்று, கம்பனியே உண்மையான வாடிக்கையாளர். 2004 ஆம் ஆண்டில் மொட்டரோலாவின் வி710 என்னும் கருவியை வெரைசன் கம்பனி விற்றபோது, புளூடூத் வழியாகக் கோப்புகளை மாற்றும் வசதியை முடக்கியே விற்றது. வாங்கியோர் நீதிமன்றத்தை நாடினர்; பின்னர் கம்பனி இணக்கத்துக்கு வந்தது. 2012 இல் சாம்சங்கின் கலக்ஸி நோட் 2 வெளிவந்தபோது, அதே வெரைசன் தன் பெயரைக் கருவியின் முகப்புப் பொத்தானின் மேலேயே பொறிக்கச் செய்தது. மென்பொருளில் தைத்ததைப் பிரிக்கலாம். பொத்தானில் பொறித்ததை என் செய்வது!

2007 ஜனவரி 9 ஆந் திகதி ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை அறிமுகஞ் செய்தபோது நிலைமை சற்றே திரும்பியது. அவ்வாண்டு ஜூன் 29 ஆந் திகதி விற்பனைக்கு வந்த அக்கருவி ஏ.டி. அன்ட் டி. என்னும் ஒரே கம்பனிக்கு உரியதாக இருந்தும், கருவியின் உடலில் அக்கம்பனியின் பெயர் இருக்கவில்லை. அதன் மென்பொருள் அப்பிள் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. 2008 ஒக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதலாவது அன்ட்ரொயிட் கருவியோ வேறு வழியிற் சென்றது. அன்ட்ரொயிட்டின் மூலநிரல் திறந்தது; யாரும் எடுத்துத் தமக்கேற்ப மாற்றலாம். சுதந்திரம் என்று கொண்டாடப்பட்ட இதுவே, ஒவ்வொரு உற்பத்தியாளரும் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு விதமாகத் தைப்பதற்கும் வழிவிட்டது.

ஒரு செய்தியால் வந்த அச்சம்

இதன் விலை என்ன என்பதை 2015 ஜூலையில் உலகம் கண்டது. அன்ட்ரொயிட்டில் படங்களையும் காணொளிகளையும் கையாளும் ஸ்டேஜ்பிரைட் என்னும் பகுதியில் பாரதூரமான ஓட்டைகள் இருப்பதை ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். தீயவன் ஒருவன் ஒரு படச் செய்தியை அனுப்பினால் போதும். உரியவர் அதனைத் திறந்து பார்க்குமுன்பே கருவி அவன் வசமாகிவிடக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது. ஆபத்துக்குள்ளாகக்கூடிய கருவிகள் ஏறத்தாழ 95 கோடி என மதிப்பிடப்பட்டது.

திருத்தம் கூகிளிடம் விரைவில் ஆயத்தமாயிற்று. ஆனால் அது வீட்டுக்கு வந்து சேரவேண்டிய பாதையைப் பாருங்கள். கூகிளிடமிருந்து சில்லு ஆக்குபவருக்கு. அவரிடமிருந்து கருவி ஆக்குபவருக்கு. அவர் தம் பல பிரதிகளிலும் அதனைப் புகுத்தியபின் கம்பனிகளின் சோதனைக்கு. ஒவ்வொரு கம்பனியும் தன் சேவைகள் குலையவில்லை என்று கண்டு கையொப்பமிட்டபின் கடைசியாகப் பாவனையாளருக்கு. ஒரு கிராமத்துத் தபால் நாலு கந்தோர்களில் முத்திரை குத்தப்பட்டு வருவதைப் போன்றது இது. பல கருவிகளுக்குத் திருத்தம் மாதக்கணக்கில் தாமதித்தது. மலிவான பழைய கருவிகள் பலவற்றுக்கு வரவேயில்லை.

கம்பனியாரைக் குறை கூறுவதும் முழு நியாயமாகாது. இயக்க மென்பொருளும் தம் சேவைப் பகுதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கையில், எதைத் தொட்டாலும் தம் வாடிக்கையாளரின் அழைப்பு அறுந்துபோகலாம் என்ற அவர்களது அச்சம் வெறும் சாக்கன்று. பின்னலே பிழை. 2016 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் தொடர்பாடல் ஆணைக்குழுவும் வர்த்தக ஆணைக்குழுவும், பாதுகாப்புத் திருத்தங்கள் ஏன் தாமதிக்கின்றன என்று கம்பனிகளையும் உற்பத்தியாளர்களையும் விசாரிக்கத் தொடங்கின. ஸ்டேஜ்பிரைட்டின் பின்னர் கூகிளும் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டது. ஆனால் மாதந்தோறும் வரும் மருந்தை நாலு கந்தோர் வழியே அனுப்பிப் பயனென்ன?

சுவரில் ஒரு துவாரம்

நம் வீடுகளில் வட்டக்கால் பிளக்கும் சதுரக்கால் பிளக்கும் கலந்து கிடப்பது இல்லத்தரசிகளுக்கு நன்கு தெரியும். மின் அழுத்தியும் வானொலிப் பெட்டியும் வெவ்வேறு தொழிற்சாலைகளில் ஆனவை. ஆனால் சுவரிலுள்ள துவாரம் ஒரே அளவினதாக இருந்தால் எதையும் எங்கும் செருகலாம். மின்சார சபையார் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கருவியின் கம்பியையும் சுவர்க் கம்பியோடு முறுக்கிக் கட்டவேண்டியதில்லை. மென்பொருளிலும் இத்தகைய துவாரத்தை அமைத்து, அதற்குப் பொருந்தும் பகுதியைத் தனியே ஆக்கிச் செருகுவதையே பிளக்-இன் முறை என்பர். அப்பகுதியைச் செருகுநிரல் என்று தமிழில் அழைக்கலாம்.

துவாரத்தை முதலில் தீர்மானிக்கவேண்டும் என்பதே இம்முறையின் உயிர். செருகுநிரலை எழுதுவது பின்னர் எளிது. இயக்க மென்பொருள் எதைக் கேட்கும், செருகுநிரல் எந்த வடிவில் விடை சொல்லும், விடை சொல்லாவிட்டால் எதை வழக்கமெனக் கொள்வது ஆகிய மூன்றும் உறுதிமொழிபோல் எழுதி வைக்கப்படவேண்டும். அதன்பின் அவ்வுறுதிமொழியை எளிதில் மாற்றக்கூடாது. மாற்றினால், நேற்று வாங்கிய பிளக் இன்று சுவரில் நுழையாது.

அன்ட்ரொயிட்டில் இத்தகைய துவாரம் ஒன்று தொடக்கத்திலேயே இருந்தது. வான்வழித் தொடர்பைக் கையாளும் மோடம் என்னும் உறுப்பு சில்லுக் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஆதலின், "இந்த இலக்கத்தை அழை", "அழைப்பைத் துண்டி" என்ற கட்டளைகளைப் பொதுமொழியில் வைத்து, அவற்றை அந்தந்த மோடத்தின் மொழிக்கு மாற்றும் பகுதியைத் தனி நூலகமாகச் செருகும்படி அமைத்திருந்தனர். மோடமும் சும்மா இராது. அழைப்பு வருகிறது, சைகை குறைகிறது என்று கேளாமலே செய்தி சொல்லும். கேட்டதற்கு விடை, கேளாத செய்தி என இருவகையையும் அத்துவாரம் ஏற்கும். ஆனால் இது மோடத்துக்கான துவாரம், கம்பனிக்கானதன்று. கம்பனியின் வழக்கங்கள் அதற்கு மேலேயிருந்த பகுதிகளில் இன்னமும் தைக்கப்பட்டே கிடந்தன.

2015 இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. அன்ட்ரொயிட் 5.1 இல், கம்பனி தன் சிம் அட்டைக்குள்ளேயே ஒரு முத்திரையைப் பதித்துவைக்க வழி செய்யப்பட்டது. அம்முத்திரைக்கு ஒத்த கையொப்பம் கொண்ட செயலி எதுவோ, அதற்கு மட்டும் வலையமைப்பு அமைப்புகளைத் தொடும் உரிமை கிடைக்கும். முன்னர் அத்தகைய உரிமை வேண்டுமானால் தொழிற்சாலையிலேயே மென்பொருளோடு தைக்கவேண்டியிருந்தது. இப்போதோ கம்பனியின் செயலி, மற்றச் செயலிகளைப்போலப் பின்னர் வந்து சேரலாம். சிம் அட்டையை எடுத்துவிட்டால் அதன் அதிகாரமும் அக்கணமே ஒழியும். துறையைத் தாண்டியதும் வழிகாட்டி இறங்கிவிடுகிறார் என்றோமே, அதுதான் இது. இம்முழு ஏற்பாட்டிலும் நான் மிக வியப்பது இந்த ஒன்றையே. அதிகாரத்தைக் கொடுப்பது பெரிதன்று. தானே தீரும்படி கொடுத்திருக்கிறார்கள்.

அதே ஆண்டு வெளிவந்த அன்ட்ரொயிட் 6.0, கம்பனி வேறுபாடுகளை ஓர் அட்டவணையாக்கியது. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. "4ஜி வழிக் குரலழைப்பு உண்டா?" ஆம். "வைபை அழைப்பு உண்டா?" இல்லை. இயக்க மென்பொருளில் இனிக் கம்பனியின் பெயரே வரவேண்டியதில்லை. அது அட்டவணையைக் கேட்கும். அட்டவணையை நிரப்புவது கம்பனியின் செருகுநிரல். செருகுநிரல் இல்லையேல் பொதுவான விடைகள் கொள்ளப்படும். 2017 இல் அன்ட்ரொயிட் 8.0 உடன் வந்த ட்ரெபிள் என்னும் திட்டம் இயக்க மென்பொருளையும் கருவிக்குரிய மென்பொருளையும் நினைவகத்தில் வெவ்வேறு அறைகளில் வைத்தது. அதன் முதல் நோக்கம் சில்லுக் கம்பனிகளைப் பிரித்துவைப்பதே. எனினும் மேலறையை மாற்றும்போது கீழறையைத் தொடவேண்டாம் என்ற ஒழுங்கு அனைவருக்கும் பயன்பட்டது. 2018 இல் வந்த 9 ஆம் பதிப்பில், 4ஜி வழிக் குரலழைப்பை நடத்தும் இயந்திரத்துக்கே தனித் துவாரம் அமைக்கப்பட்டது.

அப்பிளின் வழி இதனினும் சுருக்கமானது. கம்பனிக்குரிய அமைப்புகள் ஒரு பொதியாகக் கட்டப்பட்டு, முழு மென்பொருட் பதிப்பை எதிர்பாராமல் தனியே வந்து சேரும். "கம்பனியின் புதிய அமைப்புகள் உள்ளன, ஏற்கிறீர்களா?" என்று திரையில் ஒரு கேள்வி எழுவதைச் சில வாசகர்கள் கண்டிருப்பர். ஒரு விநாடியில் முடிந்துவிடும் அந்தச் சிறு வேலையால் வைபை அழைப்பு முதல் 5ஜி வரை ஒரு புதுச் சேவை திறக்கப்படலாம்.

ஒரு வரியின் வல்லமை

பிரித்துவைத்தால் எல்லாம் சரியாகிவிட்டதா? அட்டவணையில் ஒரு வரி எவ்வளவு செய்யும் என்பதற்கு 2019 இல் நிகழ்ந்த ஒரு வேடிக்கையைச் சொல்லலாம். ஏ.டி. அன்ட் டி. கம்பனி தன் வாடிக்கையாளர் சிலரின் 4ஜி கருவிகளில் "5ஜி ஈ" என்ற குறியைத் தோன்றச் செய்தது. கருவி மாறவில்லை, வலையமைப்பும் 5ஜி அன்று, மேம்படுத்திய 4ஜிதான். திரையின் மூலையிலிருந்த குறி மட்டும் மாறிற்று. போட்டிக் கம்பனியான ஸ்பிரின்ட் வழக்குத் தொடுத்தது. பின்னர் இருவரும் இணங்கிக்கொண்டனர். எளிதில் மாற்றக்கூடியது எளிதில் தவறாகவும் மாற்றப்படலாம் என்பதில் ஐயமில்லை.

இதனினும் பெரிய விஷயம், செருகுநிரலே இல்லாத இடம். ஒரு நாட்டில் உற்பத்தியாளர் தம் கருவியை முறையாக விற்பதில்லை என்றால், அந்நாட்டுக் கம்பனிகளுக்கான விடைகளை அட்டவணையில் நிரப்புவதற்கு அவருக்கு அவசியமில்லை. கருவியில் 4ஜி வழிக் குரலழைப்புக்கு வேண்டிய யாவும் இருக்கும், கம்பனியிடமும் இருக்கும், இடையே ஒரு வரி மட்டும் இராது. ரொறொன்ரோவிலிருந்தோ மெல்பேணிலிருந்தோ மாமா கொண்டுவந்து கொடுத்த விலையுயர்ந்த தொலைபேசியில் ஏதோ ஒரு சேவை இங்கே வேலை செய்யாதபோது, "கருவி பழுது" என்று முடிவு கட்டுவது அவசரமாகும். எந்த நாட்டில் எந்தக் கம்பனிக்கு எந்தச் சேவை உண்டு என்று அப்பிள் நிறுவனம் பட்டியலே வெளியிடுகிறது. ஆணியைப் பிடுங்கியது உண்மை. ஆனால், வழிகாட்டியைக் கப்பலில் ஏற்றும் ஏணி இப்போது ஓரிரு பெருநிறுவனங்களின் கையில் இருக்கிறது. சிறு நாட்டின் சிறு கம்பனி அந்த ஏணியடியில் காத்துநிற்க வேண்டியதாயிற்று. முன்னர் கம்பனி அதிகாரஞ் செய்தது. இப்போது மென்பொருள் நிறுவனம் செய்கிறது. எனக்கு இரண்டாவது சற்றே மேலெனத் தோன்றுகிறது. திருத்தமாவது நேரத்துக்கு வருகிறதல்லவா?

மூன்று சுழியங்கள்

இவையெல்லாம் வசதியைப் பற்றியவை. உயிரைப் பற்றியது அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது.

பழைய 3ஜி வலையமைப்புகளை மூடி, அந்த அலைவரிசைகளைப் புதியவற்றுக்கு ஒதுக்கும் வேலை பல நாடுகளில் நடந்துவருகிறது. அமெரிக்காவில் ஏ.டி. அன்ட் டி. 2022 பெப்ரவரியில் மூடிற்று. வெரைசன் அவ்வாண்டு முடிவில் மூடிற்று. அவுஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் 2024 ஒக்டோபர் 28 ஆந் திகதி மூடத் தொடங்கின. வொடபோன் அதற்கு முன்னரே மூடிவிட்டது. 4ஜி வழியாகப் பேச முடியாத கருவிகள் வாயடைத்துப்போகும் என்பதை எல்லோரும் எதிர்பார்த்தனர்.

எதிர்பாராதது வேறொன்று. சில கருவிகள் அன்றாட அழைப்புகளை 4ஜி வழியே செவ்வனே நடத்தின. ஆனால் 000 என்ற அவசர இலக்கத்தை அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடின. அவசர அழைப்பு பழைய, நம்பகமான வழியிலேயே செல்லட்டும் என்று ஆக்கும்போதே அமைத்துவைத்திருந்தனர். அண்டை வீட்டாரோடு நாள்தோறும் பேசும் கிழவிக்குத் தன் தொலைபேசியில் ஒரு குறையும் தெரியாது. வீடு பற்றியெரியும் நாளில்தான் தெரியவரும். அத்தகைய கருவிகளைத் தம் வலையமைப்பில் அனுமதிக்கக்கூடாது என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அதிகாரசபை கம்பனிகளைப் பணித்தது. தம் கருவி தப்புமா என்று அறிய விரும்புவோர் 3498 என்ற இலக்கத்துக்கு "3" என்று குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாட்டை டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் செய்திருந்தன.

அதன்பின்னும் கதை முடியவில்லை. அவசர அழைப்புக்கு ஒரு தனி விதியுண்டு. தன் கம்பனியின் சைகை கிடைக்காத இடத்தில், கிடைக்கின்ற எந்தக் கம்பனியின் வலையமைப்பு வழியாகவும் கருவி அழைக்கலாம். 2025 ஒக்டோபரில் வெளிவந்த செய்தி இது: சாம்சங்கின் பழைய மாதிரிகள் சில, வொடபோன் வலையமைப்பு மட்டுமே கிடைக்கும் இடத்தில், ஏற்கெனவே மூடப்பட்ட அதன் 3ஜியையே தேடிக்கொண்டிருந்தன. சிலவற்றுக்கு மென்பொருட் திருத்தம் போதும். சிலவற்றை மாற்றியே ஆகவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம், பழைய மென்பொருளோடு இருந்த ஒரு கருவியிலிருந்து 000 அழைப்புச் செல்லாத நிலையில் சிட்னியில் ஒருவர் உயிரிழந்ததாக, வொடபோனை நடத்தும் டி.பி.ஜி. டெலிகொம் கம்பனி அறிவித்தது.

இங்கே செருகுநிரல் முறையின் ஒரு நுட்பமான குறையைக் கவனிக்கவேண்டும். செருகுநிரலைத் தெரிவது சிம் அட்டை. டெல்ஸ்ட்ராவின் அட்டையாயின் டெல்ஸ்ட்ராவின் வழிகாட்டியே கருவிக்குள் ஏறுவார். அவர் தம் துறையைத்தான் அறிவார். ஆபத்து வந்த நாளில் கப்பல் ஒதுங்குவதோ வேறொரு துறையில். அவசர அழைப்பைப் பற்றிய விடைகள் ஒரு கம்பனியின் அட்டவணைக்குள் அடங்கக்கூடியவை அல்ல. அந்நாட்டிலுள்ள அத்தனை வலையமைப்புகளையும் பற்றி அவை அறிந்திருக்க வேண்டும். அன்றியும், அவை தொழிற்சாலையில் பதிந்தபடியே உறைந்துவிடாமல், வலையமைப்பு மாறும் வேகத்துக்கு மாறக்கூடியவையாகவும் இருக்கவேண்டும். எதைச் செருகுநிரலில் வைப்பது, எதை இயக்க மென்பொருளிலேயே எல்லோருக்கும் பொதுவாக வைப்பது என்ற எல்லைக்கோட்டைச் சரியாக வரைவது, துவாரத்தை அமைப்பதைக் காட்டிலும் கடினமான வேலை.

நம் வீட்டிலுள்ள கருவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள ஒரு வழியுண்டு. 4ஜி குறி தோன்றும் இடத்தில், வைபையை நிறுத்திவிட்டு, வீட்டாரில் ஒருவரை அழைத்துப் பேசிக்கொண்டே திரையின் மூலையைக் கவனியுங்கள். 4ஜி குறி அப்படியே நின்றால் குரல் 4ஜி வழியே செல்கிறது என்று கொள்ளலாம். அது 3ஜி என்றோ, எச் என்றோ, ஈ என்றோ மாறினால், கருவி பழைய வலையமைப்புக்கு இறங்கிவிட்டது. ஐபோனாயின் அமைப்புகளில் பொது, அதன்கீழ் இக்கருவியைப் பற்றி என்ற பக்கத்தில் கம்பனிப் பொதியின் பதிப்பிலக்கம் காணப்படும். புதியது ஆயத்தமாயிருந்தால் அப்பக்கத்தைத் திறந்த சிறிது நேரத்தில் கேள்வி எழும். அவசர அழைப்பு எவ்வழியே செல்லும் என்பதை மட்டும் இச்சோதனை சொல்லாது. 119 ஐயோ 1990 ஐயோ சோதனைக்காக அழைக்கவும் கூடாது. கருவியின் மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கம்பனியின் வாடிக்கையாளர் நிலையத்தில் கேட்பதே வழி. வயது முதிர்ந்தோர் தனித்திருக்கும் வீடாயின், அவர்கள் கையிலுள்ள பழைய கருவியைப் பற்றியே முதலிற் கேட்கவேண்டும்.